எனக்கென்று விட்டிருந்த இடம்

பாளையங்கோட்டையில் பிறந்து, பாளையங்கோட்டையிலேயே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி, ஓய்வும் பெற்றவள் நான். இதே ஊரைக் குட்டியாகச் செய்து ஜங்ஷன் பக்கத்தில் பூங்கா வைத்திருக்கிறார்கள் என்றால் எனக்கென்ன வந்தது? அதற்கு டிக்கெட் வேறு! மகன் ஹெப்ரான்தான் விடவில்லை. “ரெண்டு முட்டியும் மாத்தியாச்சு. இன்னும் வீட்டுக்குள்ளயே கெடந்தா எப்படி? வாங்கம்மா, பைய நடந்து பாப்போம்” என்று காரில் ஏற்றிவிட்டான். மருமகள் ஸ்டெபி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பொய் சொல்லக் கூடாது, உள்ளே போனதும் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஈரடுக்குப் பாலத்தைப் பழைய பீரோத் தகட்டில் வளைத்திருந்தார்கள். ஊசிக்கோபுர சர்ச்சின் நுனி ஒரு குடைக்கம்பி. மீன்தொட்டி மோட்டார் வைத்துத் தாமிரபரணி ஓடிக்கொண்டிருந்தது. டவுண் அல்வாக்கடை முன்னால் கட்டைவிரல் உயரத்துக்கு ஆட்கள் நின்றார்கள். அதிலும் ஒருத்தன் வரிசையில் இடையில் புகுந்திருந்தான். நம்ம ஊர்க்காரனேதான்!

இதையெல்லாம் செய்த இசக்கிராஜ் எங்கள் கூடவே வந்தார். “ஒவ்வொரு இடமா நேர்ல போயி, போட்டோ புடிச்சு செஞ்சது டீச்சர். ஒரு ஜன்னல் மாறியிருக்காது. குத்தம் கண்டுபுடிச்சா சொல்லுங்க.”

குற்றம் கண்டுபிடிக்கச் சொன்னால் எனக்குச் சோறு தண்ணி வேண்டாம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன்.

ஹெப்ரான் போன் பேச வெளியே போனான். ஊசிக்கோபுரத்தைத் தாண்டியதும் ஸ்டெபி சட்டென்று நின்று என் கையை இழுத்தாள். “அங்கன வேண்டாம் அத்தே. வெயிலு அடிக்கி. வாங்க, காப்பி குடிப்போம்.”

“மேல ஷீட் போட்டிருக்கான், எங்கனடீ வெயிலு?” என்று கையை உருவிக்கொண்டு நான் போனேன்.

எங்கள் சபைக் கல்லறைத் தோட்டம். கல்லறை ஒவ்வொன்றும் ஒரு சாக்பீஸ் துண்டு. மூன்றாம் வரிசையில் நீல ஓடு பதித்த சின்னக் கட்டு. என் வீட்டுக்காரர் சத்தியநேசன் படுத்திருக்கும் இடம். அவர் போனபோதே இருவருக்கும் சேர்த்து இடம் வாங்கி, சுற்றிலும் நீல ஓடு பதித்துக் கட்டினேன். ஒரு பாதியில் அவர். மறுபாதி எனக்கு. என்னைப் புதைக்கும்வரை சும்மா கிடக்கக் கூடாதென்று அதில் ஒரு நந்தியாவட்டைச் செடி வைத்தேன். முட்டி படுத்தியதிலிருந்து நான் அங்கே போகவில்லை. அந்தத் தோட்டம் முழுக்கக் கல்லும் முள்ளும், விழுந்தால் அவ்வளவுதான் என்று ஹெப்ரான் தடுத்துவிட்டான். எனக்குப் பதிலாக ஸ்டெபி ஞாயிறுதோறும் பூவோடு போய்வருவாள். எந்த மருமகள் மாமனாருக்கு இப்படிச் செய்வாள் என்று நான் சபை முழுக்கப் பெருமையடித்திருக்கிறேன்.

நீலக் கட்டுக்குள் இரண்டு சாக்பீஸ் இருந்தது.

“இசக்கிராஜ், இங்கன தப்பு” என்றேன். “இதுல ஒரு கல்லறைதான். மத்த பாதியில செடி நிக்கணும்.”

“இருக்காதே டீச்சர்.” அவர் போனை எடுத்துத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். “இந்தா, பாருங்க. ரெண்டுதான்.”

நீல ஓடு. என் வீட்டுக்காரரின் கறுப்புக் கல். பக்கத்தில், என் இடத்தில், புதுக்கல் ஒன்று. இசக்கிராஜ் விரலால் படத்தைப் பெரிதாக்கினார். கர்த்தருக்குள் நித்திரையடைந்த எஸ்கலின்.

ஏசப்பா! பக்கத்தில் தாமிரபரணிக்கு வேலியாக நின்ற கம்பியைப் பிடித்திராவிட்டால் ஆற்றிலேயே விழுந்திருப்பேன். எஸ்கலின் என் சம்பந்தி. ஸ்டெபியின் அம்மா. கல்யாணத்தன்று என் வீட்டுக் காப்பியைக் கழனித்தண்ணி என்று சொன்ன புண்ணியவதி. அன்று தொடங்கிச் சாகும்வரை எனக்கும் அவளுக்கும் ஆகாது. ஊரே வெள்ளத்தில் மிதந்த அந்த டிசம்பரில் நான் மதுரை ஆஸ்பத்திரியில் முட்டியை அறுத்துக் கிடந்தபோது, மகளைப் பார்க்க வந்த இடத்தில் மாரடைப்பில் போய்விட்டாள். தண்ணீர் வடிந்ததும் சொந்த ஊரான சேரன்மகாதேவிக்குக் கொண்டுபோய் அடக்கம் பண்ணினோம் என்றுதான் என்னிடம் சொன்னார்கள். நானும் படுக்கையில் இருந்தே அவளுக்காக ஜெபம் பண்ணினேன். இப்போது பார்த்தால் என் வீட்டுக்காரர் பக்கத்தில் படுத்திருக்கிறாள்!

“ஏலே ஹெப்ரான்!” நான் போட்ட சத்தத்தில் அல்வாக்கடைப் பக்கம் நின்றவர்கள் எல்லாம் திரும்பினார்கள். ஓடிவந்தவன் சாக்பீஸைப் பார்த்தான், போனைப் பார்த்தான். முகம் செத்துப்போயிற்று.

“ரோடெல்லாம் அத்துப் போச்சும்மா. சேரன்மாதேவிக்கு வழியில்ல. கரண்டு இல்ல, ஐஸ் பெட்டி ஓடல. தோட்டத்துலயும் வேற எடமில்ல. பாடிய எத்தன நாளு வீட்டுல வச்சிருக்க?”

“எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியாலே?”

“டவரே இல்லம்மா.”

“அன்னைக்கு டவரு இல்ல, சரி. அதுக்குப் பெறவு? சபைக்கே தெரியும், இந்தா, பூங்காவுக்கே தெரியும். நான் ஒருத்திதான் கேனச்சியா? நான் செத்தா என்னையத் தூக்கிக்கிட்டு எங்கனலே போவே?”

ஸ்டெபிதான் பதில் சொன்னாள். “அவுக சொல்லணும்னுதான் சொன்னாக அத்தே. நான்தான் வேண்டாம்னேன். நீங்க அம்மாவத் தோண்டி எடுக்கச் சொல்லிருவீங்கன்னு பயந்துட்டேன்.”

என் மருமகள் என்னை அப்படி நினைத்திருக்கிறாளே என்று எனக்குத் தீப்பற்றியது போல இருந்தது. ஆனால் உள்ளதைச் சொல்லட்டுமா? என் வாயில் அப்போது வந்து நின்றதும் அதே வார்த்தைதான்.

அதை விழுங்கிக்கொண்டு கேட்டேன். “அப்போ ஞாயித்துக்கெழம பூவெல்லாம் யாருக்குடீ?”

“மாமாவுக்குந்தான் அத்தே. பாதிய அங்கன வச்சுட்டு, மீதிய அம்மாவுக்கு வப்பேன். வீட்டுல அழுதா நீங்க ஏதாச்சும் கேப்பீங்க. அங்கன போயி அழுதுட்டு, மூஞ்சியக் கழுவிட்டு வருவேன்.”

தாயைப் பறிகொடுத்த பிள்ளை என் வீட்டில் ஒருநாள்கூட அழுது நான் பார்த்ததில்லை. கல்நெஞ்சுக்காரி என்று நானே மனதுக்குள் நினைத்திருக்கிறேன். தோட்டத்துக் குழாயில் முகம் கழுவி வந்தவளுக்குத்தான் ஞாயிறுதோறும் என் கையால் காப்பி போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

இசக்கிராஜ் சாக்பீஸ் பக்கம் குனிந்தார். “டீச்சர், வேணும்னா இந்தக் கல்ல எடுத்திருதேன்.”

“தொட்டீருன்னா தெரியும்! உள்ளதுதான உள்ளபடி இருக்கணும்?” என்றேன். அவர் கையை இழுத்துக்கொண்டார்.

ஹெப்ரான் பக்கம் திரும்பினேன். “வருசம் போனா ஒரே குழியத் தொறந்து வீட்டாளுகள வைக்கதுண்டுல்லா? சபை அய்யர்கிட்ட இப்பமே சொல்லி வையி. என்னைய ஒங்க அப்பா குழியிலயே, அவுக மேலயே வையி. பக்கத்துல யாரு வேணும்னாலும் படுத்துக்கிடட்டும்.”

“அம்மா, ஆளுக பாக்காவ...”

“பாக்கட்டும். வண்டிய எடு, தோட்டத்துக்கு.”

“முட்டி வலிக்குமேம்மா!”

“வலிக்கட்டும்லே.”

எனக்குக் கோபம் தீரவில்லை. அதோடுதான் காரில் ஏறினேன். ஸ்டெபி பக்கத்தில் உட்கார்ந்து சத்தம்போட்டு அழுதுகொண்டே வந்தாள். நான் தடுக்கவில்லை. மார்க்கெட் பக்கம் வண்டி நின்றதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

“பூ எவ்வளவு வாங்க அத்தே?”

“ரெண்டு பேருக்கும் காணும்படியா வாங்கு” என்றேன்.