இடது காதுக்கு இன்னும் கொஞ்சம்

அண்ணன் தன் பேன்ட் பாக்கெட்டிலிருந்து எடுத்து என் மேசைமேல் போட்ட இயர்பீஸில் பாதி சப்பிய இருமல் மிட்டாய் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. கூடவே ஒரு பெட்ரோல் ரசீது, ஒரு சட்டைப் பொத்தான், கார் சாவி. சாவியை வயர் மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சு விழுந்து கிடந்தது.

"இந்தா, உன் சனியன். இடது பக்கம் செத்துப்போச்சு" என்றான்.

"செத்துப்போச்சுன்னு சொல்லாத. கொன்னுட்டேன்னு சொல்லு."

டயர் கடைக்கு மேலே வாடகைக்கு எடுத்த ஒத்திகைக் கூடம் அது. கீழே காற்றடிக்கும் இயந்திரம் ஓடினால் மேலே தரை லேசாக அதிரும். எங்கள் இசைக்குழுவில் மேடையேறுபவர்கள் ஐந்து பேர். நான் ஆறாவது ஆள், மேடை ஏறாதவள். மேடை ஓரத்தில், பார்ப்பவர் கண்ணில் படாத மூலையில், ஒலியைக் கலக்கும் ஒரு சின்ன மிக்ஸரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கூட்டம் கேட்கிற சத்தத்துக்கும் எனக்கும் சம்பந்தமில்லை; அதற்கு வேறு ஆள் இருக்கிறார். பாடுகிறவர்களும் வாசிக்கிறவர்களும் தங்கள் காதில் எதைக் கேட்க வேண்டுமோ, அதைக் கலந்து அவரவர் இயர்பீஸுக்கு அனுப்புவது என் வேலை. டிரம்ஸ்காரருக்கு பேஸ் கிட்டார் தூக்கலாக வேண்டும். கீபோர்டுக்காரருக்கு எல்லாம் சமமாக வேண்டும். அண்ணனுக்கு அண்ணன் குரல் வேண்டும். மற்றவர்கள் வாசிக்காமல் வீட்டிலேயே இருந்துவிட்டால்கூட அவனுக்கு ஒன்றும் குறை தெரியாது.

இந்த வருடத்தில் இது மூன்றாவது ஜோடி. முதலாவதைச் சட்டையோடு சேர்த்து வாஷிங் மெஷினில் போட்டான். இரண்டாவதைக் காரின் முன்கண்ணாடிக்குக் கீழே ஒரு முழுப் பகல் வெயிலில் வைத்தான். ஒட்டு இளகி அது இரண்டாகப் பிரிந்து வந்தது. இது மூன்றாவது. வாங்கிக் கொடுத்த அன்றே உட்காரவைத்து, குழந்தைக்குச் சொல்வதுபோல ஒவ்வொன்றாகச் சொன்னேன். காதை மேலேயும் பின்னாலேயும் கொஞ்சம் இழுத்துப் பிடித்துக்கொண்டு உள்ளே வை. ரப்பர் சரியான அளவில் இருந்து காதை நன்றாக அடைத்தால்தான் கீழ்ஸ்தாயிச் சத்தம் கிடைக்கும்; அடைத்துவிட்டால் சத்தம் குறைவாக வைத்தாலே போதும். கழற்றும்போது வயரைப் பிடித்து இழுக்காதே. முடிந்ததும் துணியால் துடை. சத்தம் வரும் வாய்ப்பக்கம் கீழே இருக்கும்படி பிடித்து பிரஷ் போடு, அப்போதுதான் அழுக்கு வெளியே விழும். ஊசியால் மட்டும் குத்தாதே. பெட்டியில் வை. ஈரம் உறிஞ்சுகிற பொட்டலம் உள்ளே இருக்கிறது, ஆனால் மூடினால்தான் அது வேலை செய்யும். பெட்டியை மூடு. 'டக்'கென்று சத்தம் வருகிறவரைக்கும் மூடு.

எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். பெட்டி என் மேசைமேல் திறந்தே கிடந்தது. அதில் கிட்டார் கம்பியை மீட்டும் வில்லைகளைப் போட்டு வைத்திருந்தான், இத்தனைக்கும் அவன் கிட்டார் வாசிப்பதில்லை.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். என் வயிற்றெரிச்சலைக் கிளப்புவது வேறொன்று. மேடையேறி இரண்டாவது பாட்டிலேயே வலது பக்க இயர்பீஸைக் கழற்றித் தோளில் தொங்கவிட்டுவிடுவான். கேட்டால், "கைதட்டல் கேக்கணும்ல, அப்பதான் பாட்டு வரும்" என்பான். ஒரு காதைத் திறந்து வைத்தால் மேடைச் சத்தம் எல்லாம் அதன் வழியாகப் புகுந்துவிடும். அதற்கு ஈடு கொடுக்க, அடைத்த காதில் சத்தத்தை ஏற்ற வேண்டும். உடனே என் பக்கம் திரும்பி, இடது காதைத் தொட்டு, ஆள்காட்டி விரலை மேலே தூக்குவான். இன்னும் கொஞ்சம் என்று அர்த்தம். அடுத்த பாட்டில் மறுபடியும் விரல். நூறு தடவை சொல்லியிருப்பேன். "ரெண்டையும் போடு, இல்ல ரெண்டையும் கழட்டு, பாதிப் பாதி வேண்டாம்." செவிடன் காதில் ஊதின சங்குதான்.

ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் மிக்ஸரில் அவனுடைய சத்தத் திருகு எங்கே நின்றது என்று, பக்கத்தில் ஒரு வெள்ளை டேப்பை ஒட்டிப் பென்சிலால் கோடு போட்டு வைப்பேன். அடுத்த முறை அங்கிருந்து தொடங்குவது வசதி. போன வருடக் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. இந்த வருடக் கோடுகள் ஏணிப்படி மாதிரி மேலே ஏறிப்போயிருந்தன. தலைக்கனம் ஏறிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். முன்பெல்லாம் தொந்தரவு தாங்காமல் திருகைத் திருப்புவதுபோல நடிப்பேன், கையே படாது. அவன் சிரித்துக் கட்டைவிரலைக் காட்டுவான். கொஞ்ச காலமாக அந்த நடிப்பு செல்லுபடியாகவில்லை. நிஜமாகவே ஏற்றுகிறவரைக்கும் விரல் இறங்குவதில்லை.

அன்று காலையில்தான் அண்ணி போன் செய்து ஒரு பாட்டம் புலம்பியிருந்தாள்.

"உங்க அண்ணனுக்கு என்கூட கார்ல வர்றதே பிடிக்கலன்னு நினைக்கிறேன். பக்கத்துல உக்காந்து கத்திக்கிட்டு வர்றேன், ஒரு 'ம்' கூட இல்ல. வீட்டுக்கு வந்து எதிர்ல நின்னு கேட்டா மட்டும் பதில் வருது. அப்படி என்ன யோசனை மனுஷனுக்கு?"

"அண்ணி, நீங்க கார்லதான் படறீங்க. நான் மேடையில படறேன்" என்று சொல்லிச் சிரித்தேன்.

ஆகவே அந்த இருமல் மிட்டாயை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தபோது எனக்கு ஏற்கெனவே எரிச்சல் தலைக்கேறியிருந்தது. அப்போது கீபோர்டுக்காரர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார். குழு அவருடையது. யார் வேண்டும், யார் வேண்டாம் என்று முடிவு செய்வதும் அவர்தான். நல்ல மனிதர், கெட்ட செய்தி சொல்லும்போது மூக்குக்கண்ணாடியைத் துடைப்பார். துடைத்தார்.

"தப்பா எடுத்துக்காதம்மா. வியாழக்கிழமை நிகழ்ச்சிக்கு வேற ஒரு பையன வரச் சொல்லியிருக்கேன். சும்மா ஒரு தடவை பாக்கலாம்னு."

"எனக்குப் பதிலாவா?"

"இடது பக்கம் மங்கலா வருதுன்னு ரெண்டு மாசமா சொல்லிட்டிருக்கான். ஜோடி ஜோடியா மாத்தியாச்சு, அப்பவும் அதே கதை. அப்போ கலக்கறதுலதானே ஏதோ..." என்று இழுத்தார்.

நான் அண்ணனைப் பார்த்தேன். அவன் ஜன்னல் பக்கம் திரும்பி, கீழே யாரோ டயர் உருட்டுவதை அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்பது வருடம். இவன் குரல் கட்டிய நாட்களில் இவனுக்கே தெரியாமல் காதில் கொஞ்சம் எதிரொலி சேர்த்துக் கொடுத்துத் தைரியமூட்டியவள் நான். இவன் வரியை மறந்து திருதிருவென்று விழித்தபோதெல்லாம் இவன் காதுக்கு மட்டும் போகும் மைக்கில் அடுத்த வரியை முணுமுணுத்துக் காப்பாற்றியவள் நான். கூடப் பிறந்தவன், முதுகுக்குப் பின்னால் போய்ச் சொல்லியிருக்கிறான். அழுகை வந்திருக்க வேண்டும். வந்தது ஆத்திரம்தான்.

"பத்து நிமிஷம் கொடுங்க" என்றேன். "எல்லாரும் இங்க வாங்க. கோளாறு என் கையிலயா, இவன் பாக்கெட்டுலயான்னு இப்பவே பாத்துடலாம்."

டிரம்ஸ்காரர் குச்சிகளை வைத்துவிட்டு வந்தார். எழுந்து வர அலுப்புப்பட்ட மற்ற இரண்டு பேரும் இருந்த இடத்திலிருந்தே கழுத்தை நீட்டினார்கள். விளக்கடியில் துணியை விரித்தேன். வயர் முடிச்சை அவிழ்த்தேன். இடது பக்க வாயைக் கவிழ்த்துப் பிடித்துப் பிரஷால் தட்டினேன். அழுக்கைத் தடுக்கும் பொட்டுப்போன்ற சல்லடையைப் பிய்த்து எடுத்துவிட்டுப் புதிதை ஒட்டினேன். புது ரப்பர். புது வயர். இடுப்பில் மாட்டும் வயர்லெஸ் பெட்டிக்குப் புது பேட்டரி. பிறகு இரண்டு காதுக்கும் ஒரே அளவில் ஒரே பாட்டைப் போட்டு, நானே மாட்டிக் கேட்டேன். பளிங்கு மாதிரி இருந்தது. ரப்பரை மாற்றிக் கீபோர்டுக்காரரிடம் கொடுத்தேன். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு" என்றார்.

"நீ போடு" என்று அண்ணனிடம் நீட்டினேன்.

போட்டான். சிவப்புப் புள்ளி வலது, நீலப் புள்ளி இடது. முகத்தைச் சுளித்தான். "அதேதான். இடது பக்கம் கம்பளிய போத்திக்கிட்டு பாடற மாதிரி இருக்கு."

"பொய் சொல்லாத."

"எனக்கென்ன வேண்டுதலா பொய் சொல்ல?"

"சரி. கழட்டு. நீலத்த வலது காதுல வை. பொருந்தாது, கையால அழுத்திப் பிடிச்சுக்க."

அலுத்துக்கொண்டே வைத்தான். சட்டென்று அவன் புருவம் உயர்ந்தது. "அட, நல்லா கேக்குதே! என்ன பண்ணின?"

"ஒண்ணும் பண்ணல. இப்ப சிவப்ப எடுத்து இடதுல வை."

வைத்தான். அழுத்தினான். இன்னும் அழுத்தினான். "போச்சு, இப்ப சிவப்பும் அவுட்டு" என்றான். டிரம்ஸ்காரர் 'கெக்கே' என்று சிரித்தார்.

நான் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தேன். "பாத்தீங்களா! பாத்தீங்களா எல்லாரும்! இயர்பீஸ்ல ஒரு மண்ணும் இல்ல! என் மிக்ஸ்லயும் ஒரு மண்ணும் இல்ல! இருக்கறதெல்லாம் இவன்..."

நீட்டிய விரல் அவன் இடது காதுக்கு நேரே நின்றது.

கீழே காற்றடிக்கும் இயந்திரம் ஓடத் தொடங்கியது. தரை அதிர்ந்தது. டிரம்ஸ்காரரின் சிரிப்பு பாதியில் நின்றது. அண்ணனுக்கு மட்டும் இன்னும் புரியவில்லை. நீலத்தை இடதில், சிவப்பை வலதில், பிறகு மாற்றி, பிறகு மறுபடி மாற்றி வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தான். நாலாவது தடவை மாற்றும்போது அவன் கை மெதுவானது. ஐந்தாவது தடவை அவன் மாற்றவில்லை.

"சளி பிடிச்சிருக்கு" என்றான். "மிட்டாய் சப்பிக்கிட்டு இருந்தேன்ல. அதான் அடைச்சிருக்கு."

"எவ்வளவு நாளா சளி?"

மேசையிலிருந்த கார் சாவியை எடுத்துப் பாக்கெட்டில் போட்டான். அவன் கார் ஓட்டும்போது அண்ணி எப்போதும் அவனுக்கு இடது பக்கம்தான் உட்காருவாள். அது எனக்கு அப்போதுதான் உறைத்தது. காலையில் எப்படிச் சிரித்தேன்! குனிந்தால் டேப் கண்ணில் பட்டது. ஒவ்வொரு கோட்டுக்குப் பக்கத்திலும் தேதி. என் கையெழுத்து. அவன் விரல் தூக்கினான், வாஸ்தவம். ஆனால் திருகியது யார்? அளவு தெரிந்தவள், ஊருக்கெல்லாம் காது பத்திரம் என்று பாடம் எடுக்கிறவள், இவனோடு மல்லுக்கட்ட அலுப்புப்பட்டு, தொலையட்டும் என்று ஒவ்வொரு வாரமும் ஒரு மயிரிழை ஏற்றிக்கொடுத்தேன். மூன்று ஜோடி இயர்பீஸ் வீணாய்ப்போயிற்றே என்று அங்கலாய்த்துக்கொண்டிருந்த அதே மாதங்களில்.

கீபோர்டுக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். துடைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார். "வியாழக்கிழமைக்கு நீயே வந்துடும்மா. அந்தப் பையன்கிட்ட நான் சொல்லிக்கறேன்" என்று மெல்லச் சொல்லிவிட்டு, மற்றவர்களைக் கண்ணால் அழைத்துக்கொண்டு கீழே டீ குடிக்கப் போனார். என் இடம் எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன்.

"நாளைக்குக் காலைல காது டாக்டர்கிட்ட போறோம்" என்றேன்.

"நாளைக்கு ரிகர்சல்."

"போறோம்னு சொன்னேன்ல."

அவன் என்னைப் பார்த்துத் தலையைக் கொஞ்சம் திருப்பி, வலது காதைக் காட்டினான். அப்படித் திருப்புவதை எத்தனை நாளாகச் செய்கிறான் என்று தெரியவில்லை. நான் அதைத் திமிர் என்று நினைத்திருந்தேன்.

"அண்ணா, நான்தான் ஏத்தினேன். ஒவ்வொரு தடவையும் நான்தான்."

"நான்தானே கேட்டேன்" என்றான். அவன் குரலில் கோபமே இல்லை. கத்தியிருந்தால் தேவலை, பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

நான் அறையின் மறு கோடிக்கு, ஜன்னலோரம் போய்விட்டேன். அவன் மேசையருகே வந்து உட்கார்ந்தான். இயர்பீஸ் இரண்டையும் துணியில் வைத்துத் துடைத்தான். நான் சொல்லிக்கொடுத்தது போலவே வாயைக் கவிழ்த்துப் பிடித்து பிரஷ் போட்டான். வயரைப் பெரிய வட்டமாக, முறுக்காமல் சுற்றினான். எல்லாம் தெரிந்துதான் வைத்திருந்திருக்கிறான், கடன்காரன். பெட்டியிலிருந்த வில்லைகளைக் கொட்டிவிட்டு, இரண்டையும் உள்ளே வைத்து மூடினான். 'டக்'.

பெட்டியைத் திறந்தான். வலது காதுக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்து மூடினான். 'டக்'. மறுபடி திறந்து, இடது காதுக்குப் பக்கத்தில் வைத்து மூடினான். கொஞ்சம் காத்திருந்தான். திறந்தான், இன்னும் நெருக்கமாக, மூடி காதில் உரசும்படி வைத்து மூடினான். மூடிவிட்டு, கேட்டதா என்று கேட்பவன்போல என்னைப் பார்த்தான். அறைக்கு அந்தக் கோடியில் நின்ற எனக்கு ஒவ்வொரு தடவையும் நன்றாகவே கேட்டது.