படத்துக்குக் கீழே ஒரு வரி

கணினிக் கழகத்துப் பையன்களுக்கு அந்த வருஷம் ஒரு பைத்தியம் பிடித்திருந்தது. பள்ளி வலைப்பக்கத்தின் அடியில் ஓர் எண் உண்டு. யாராவது பக்கத்தைத் திறந்தால் அது ஒன்று ஏறும். ஏறட்டும் என்று தாங்களே திறந்து திறந்து பார்த்துக்கொண்டார்கள். கிள்ளானில் அந்தப் பள்ளிக்கு இருந்தது ஒரே தொலைபேசி இணைப்பு. இவர்கள் இணையத்துக்குள் போனால் தலைமையாசிரியர் சபாபதியின் மேசையில் போன் செத்துப்போகும். மனிதர் அதையும் பொறுத்துக்கொண்டார். பள்ளி வலைப்பக்கங்களுக்கு மாநிலப் போட்டி வைத்திருந்தார்கள். கேடயத்துக்கு அலமாரியில் இடம்கூடப் பார்த்து வைத்துவிட்டார்.

அது தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு. கழகத்துக்குப் பொறுப்பு கணக்கு டீச்சர் சிவமலர். பிரிக்பீல்ட்ஸிலிருந்து தினமும் கொமுட்டர் புறநகர் ரயில் பிடித்து வருகிறவள்.

தைப்பூசம் முடிந்த கையோடு கழகத் தலைவன் ஜெயராஜ், பத்துமலை முருகன் கோயிலில் தான் எடுத்த படங்களை ஸ்கேன் செய்து ஏற்றினான். நான்காம் படிவத்துப் பையன், கெட்டிக்காரன், வாய்த்துடுக்கும் உண்டு. காவடிகள், மொட்டை போட்ட குழந்தைகள், கூட்டம் நெரியும் படிகள் என்று போட்டுவிட்டுக் கடைசியில் ஒரு படம் வைத்தான். பால்குடம் சுமந்த ஒரு பெண்மணிக்கு அருள் வந்து, முடி அவிழ்ந்து, கண் செருகி, நாக்கு வெளியே தள்ளியிருந்த நேரம் அது. அதற்குக் கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினான்: காலையில் கோப்பி கிடைக்காத அம்மா. சிவமலர் முதல் பக்கத்தை மட்டும் பார்த்தாள், நன்றாக இருக்கிறது என்றாள், தாள் திருத்தப் போய்விட்டாள்.

அந்த ஒரு படத்துக்காக எண் குதித்து ஏறியது. ஆஸ்திரேலியாவிலிருந்தெல்லாம் யார் யாரோ விழுந்து விழுந்து சிரித்ததாக எழுதினார்கள். யாரோ அதை அச்செடுத்துக் கேண்டீன் தூணில் ஒட்டிவைத்தார்கள். இது பூமணியோட அம்மா ஆச்சே என்று ஒருத்தி அடையாளமும் சொல்லிவிட்டாள்.

பூமணி ஐந்தாம் படிவம், ஜெயராஜுக்கு ஒரு வகுப்பு மேலே. சிவமலரின் வகுப்பில் முன்வரிசை. வருஷக் கடைசியில் எஸ்.பி.எம். என்கிற பள்ளியிறுதிப் பரீட்சை எழுத வேண்டியவள். அவள் கேண்டீனுக்குள் நுழைந்தாலே பையன்கள் நாக்கை நீட்டிக் கண்ணைச் செருகிக் காட்டினார்கள். சில நாள் பொறுத்துப் பார்த்தாள். பிறகு பள்ளிக்கு வருவதையே நிறுத்திவிட்டாள்.

ஏன் வரவில்லை என்று விசாரித்தபோதுதான் தூணில் இருந்த தாள் சிவமலர் கைக்கு வந்தது. அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பாதி ஜெயராஜ் மேல், பாதி தன் மேல். ஒரு பக்கத்தோடு திருப்தியாகிப் போன டீச்சரைத் திட்ட அங்கே ஆளில்லை, அவளே திட்டிக்கொண்டாள். அந்தப் படத்தை உடனே எடுக்க வேண்டும், போட்டியும் வேண்டாம் என்று சபாபதியிடம் போய் நின்றாள். நடுவர்கள் பார்த்து முடிக்கட்டுமே, அப்புறம் எடுத்தால் ஆகாதா என்று அவர் இழுத்தார். கேடயம்தான் வேண்டுமென்றால் கடையில் வாங்கித் தருகிறேன் சார் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

ஜெயராஜ் படத்தை அழித்தான். "எடுத்தாச்சு டீச்சர். முடிஞ்சிச்சி லா" என்றான்.

சிவமலர் அவனையே தேடிப் பார்க்கச் சொன்னாள். தேடினால், வேடிக்கைப் படங்கள் சேர்க்கும் யாரோ சிங்கப்பூர்க்காரனின் பக்கத்தில் அதே படம், அதே வரியோடு உட்கார்ந்திருந்தது. இவனுடைய அழிக்கும் பொத்தான் அங்கே வேலை செய்யாது. பையனின் முகம் முதல்முறையாகச் சுண்டியது. அன்று முதல் பள்ளி விட்ட பிறகு கழகம் மொத்தமும் உட்கார்ந்து அந்த ஆளுக்கு மின்னஞ்சல் எழுத வேண்டும் என்று உத்தரவு போட்டாள். எண் ஏறுகிறதா என்று பார்த்த கண்களெல்லாம் பதில் வருகிறதா என்று பார்த்தன. வரவில்லை.

சனிக்கிழமை அவள் போர்ட் கிள்ளானுக்குப் போனாள். அடுக்குமாடி வீட்டில் பூமணி தனியாக இருந்தாள். அம்மா வீரம்மா கிடங்கில் ஷிப்டு வேலைக்குப் போயிருந்தாள். வயிற்றுவலி என்று அம்மாவிடம் சொல்லிச் சமாளிப்பதாகவும், ஏதாவது ஃபேக்டரியில் சேர்ந்துவிடப் போவதாகவும் பூமணி சொன்னாள். படம் பற்றி அம்மாவுக்குத் தெரியாதாம்.

"பால்குடம் எடுத்ததே எனக்காகத்தான் டீச்சர். நான் பாஸ் பண்ணணும்னு. இத எப்படி அம்மாகிட்ட சொல்றது?"

எல்லாம் அழித்தாகிவிட்டது என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சிவமலருக்கு நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. ஒரு படம் இன்னும் வெளியே இருக்கிறது, எடுக்க வைக்கும்வரை விடப்போவதில்லை, ஆனால் இன்னும் எத்தனை பேரிடம் இருக்கிறதோ தெரியாது என்று உள்ளதைச் சொன்னாள். ஜெயராஜை அழைத்துவந்து மன்னிப்புக் கேட்கச் சொல்லட்டுமா என்றும் கேட்டாள்.

பூமணி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"என்கிட்ட வேணாம். என்னைக்காவது யாராச்சும் அம்மாகிட்ட காட்டத்தான் போறாங்க. எழுதினவனே வந்து காட்டட்டும். கீழ என்ன எழுதினானோ அத அவனே வாசிக்கணும். நீங்க அவனுக்காகப் பேசக் கூடாது டீச்சர்."

ஞாயிற்றுக்கிழமை ரயிலில் ஜெயராஜ் என்னென்னவோ சொல்லிப் பார்த்தான். கடிதம் எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்றான். தலை வலிக்கிறது என்றான். சிவமலர் தூணில் இருந்த அந்தத் தாளை எடுத்து அவன் பையில் வைத்தாள்.

டீச்சர் வீடு தேடி வந்ததில் வீரம்மாவுக்குக் கை கால் ஓடவில்லை. அடுப்பில் தண்ணீர் வைக்க ஓடியவளை சிவமலர் உட்காரச் சொன்னாள். ஜெயராஜ் பையிலிருந்து தாளை எடுத்து நீட்டினான். வீரம்மா ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள்.

"இது நானா?" என்றாள். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "அருள் வந்தா எப்படி இருப்பேன்னு எனக்கே தெரியாது. இதுவரைக்கும் யாரும் காட்டினதில்ல. கீழ என்ன தம்பி எழுதியிருக்கு?"

ஜெயராஜ் டீச்சரைப் பார்த்தான். அவன் கண்ணில் தண்ணீர் முட்டியது. சிவமலருக்கு மனசு இளகத்தான் செய்தது. ஆனால் பூமணியும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிவமலர் தாளின் பக்கம் கண்ணைக் காட்டினாள். பையன் ஆங்கிலத்தில் முணுமுணுத்தான்.

"எனக்கு இங்கிலீஷ் வராதுப்பா. தமிழ்ல சொல்லு."

ஊர் உலகத்துக்கெல்லாம் ஒரே பொத்தானில் அனுப்பிய வரி, ஒரே ஒரு மனுஷிக்கு முன்னால் வாயைவிட்டு வர மறுத்தது. கடைசியில் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். பிறகு நிறுத்த முடியாமல் எல்லாவற்றையும் சொன்னான், கேண்டீன் தூணையும், பூமணி பள்ளிக்கு வராததையும் சேர்த்து.

வீரம்மா படத்தை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள்.

"நீ எழுதினது நெசந்தான் தம்பி. எனக்குக் கோப்பி இல்லாம பொழுது விடியாது. அதத்தான் முருகன்கிட்ட விட்டேன். இவ பரீட்சை முடியுற வரைக்கும் தொடறதில்லன்னு வேண்டுதல்." மகள் பக்கம் திரும்பினாள். "வயித்துவலின்னியேடி."

வீரம்மா எழுந்துபோய் கோப்பி கலந்து கொண்டுவந்தாள். டீச்சருக்கு ஒன்று, பையனுக்கு ஒன்று. தனக்கு வெறும் தண்ணீர். ஜெயராஜ் கோப்பையைப் பிடித்துக்கொண்டு அழுதான். ஆறிப்போகும், குடி என்று அவள் அதட்டியபிறகுதான் குடித்தான்.

"நாளைக்கு வர்றேன் டீச்சர்" என்றாள் பூமணி.

வந்தாள். கேண்டீன் நடுவில் போய் உட்கார்ந்துதான் சாப்பிட்டாள். அவளைப் பார்த்து ஒருவன் நாக்கை நீட்டினான். ஜெயராஜ் அவன் எதிரே போய் நின்றதும் உள்ளே இழுத்துக்கொண்டான். பள்ளி விட்ட பிறகு பூமணி கழக அறைக்கு வந்து, அனுப்பிய மின்னஞ்சல்களையெல்லாம் படித்துவிட்டு, உன் இங்கிலீஷ் பத்தாது, நகரு என்று ஜெயராஜை எழுப்பி அவன் நாற்காலியில் உட்கார்ந்தாள். அலுவலகத்திலிருந்து போன் செத்துப்போச்சு என்று சபாபதி கத்தினார். சிவமலர் எழுந்து அறைக் கதவைச் சாத்தினாள்.

ஏன் எடுக்க வேண்டும் என்று அந்த ஆளுக்கு எப்படிப் புரியவைப்பது என்று பூமணி யோசித்தாள். பின்னால் நின்றுகொண்டிருந்த ஜெயராஜ் சொன்னான்:

"அக்கா, எழுதுங்க. அந்த அம்மா இன்னும் கோப்பி குடிக்கலன்னு எழுதுங்க."