நூற்றில் ஏழு

மறுபடியும் அதே ஏரி. மேகத்தில் விழுந்த கிழிசல் வழியாக, கரையில் நிற்கும் தண்ணீர்த் தொட்டிகூட நன்றாகத் தெரிந்தது. பக்கத்து இருக்கைக்காரர் ஜன்னல் பக்கம் எட்டிப் பார்த்து, "ஊரைச் சுத்திக் காட்டுறாங்க போல, தனிக் காசு கேக்காம இருந்தா சரி" என்று சிரித்தார். சின்னவளுக்குச் சிரிப்பு வரவில்லை. விமானம் ஏன் வட்டமடிக்கிறது என்று அவளுக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வீட்டில் கடைக்குட்டி என்பதால் சின்னவள். தலை பாதி நரைத்த பிறகும் அந்தப் பெயர் விட்டபாடில்லை. வெளியே அவள் ஒரு விமானக் கம்பெனியில் பெரிய மேடம். எந்த ஊருக்கு எந்த விமானம் போக வேண்டும், எதை வாங்கலாம், எதை விற்றுத் தொலைக்கலாம் என்று முடிவு செய்வதே அவள் வேலை.

கம்பெனியிடம் இருந்த பழைய விமானங்கள் இறக்கையில் விசிறி சுழல்பவை. காத்தாடி என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஆமை வேகம், காதைப் பிளக்கும் சத்தம், ஆனால் சும்மா சொல்லக் கூடாது, மழையானாலும் வெயிலானாலும் குட்டையான ஓடுபாதையில் இறங்கி நின்றுவிடும். அவற்றை விற்றுவிட்டு ஜெட் வாங்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தவள் சின்னவள்தான். அவள் ஊர் ஓடுபாதை குட்டை. காய்ந்திருந்தால் ஜெட் இறங்கலாம், நனைந்திருந்தால் கூடாது. அந்த விதியை எழுதியவளும் அவள்தான். வருடம் முழுக்க மழையைக் கணக்கிட்டுப் பார்த்தாள். நூறு முறை போனால் ஏழு முறை இறங்க முடியாமல் திரும்ப வேண்டியிருக்கும். "ஏழு பரவாயில்லை" என்று கூட்டத்தில் சொன்னாள். எல்லோரும் தலையாட்டினார்கள். வாங்கும் முன் ஒரு ஜெட்டை எந்த ஊருக்கு ஓட்டிச் சோதித்துப் பார்க்கலாம் என்று கேட்டதும், யோசிக்காமல் தன் ஊரைச் சொன்னாள். அக்கா ஊருக்கு ஜெட் போகட்டுமே என்ற ஆசை, வேறென்ன!

அக்காவுக்கு அங்கே மருந்துக் கடை. குளிரில் வைக்க வேண்டிய மருந்தெல்லாம் விமானத்தில்தான் வரும். விஷயத்தைக் கேட்டதும் போனில் ஒரு பிடி பிடித்தாள். "உன் ஜெட்டும் நீயும்! என் மருந்துப் பெட்டி உன் ஏழுல மாட்டுச்சுன்னு வை, தோலை உரிச்சிடுவேன்டி." அப்போதே அவளுக்கு மூச்சு வாங்கியது. திட்டுவதற்கு மட்டும் எப்படியோ மூச்சு மிச்சம் வைத்திருந்தாள்.

இன்று காலை அக்கா கணவரின் போன். இதயத்துக்கு இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். "உடனே கிளம்பி வாம்மா. உன்னையேதான் கேக்குறா." முதல் விமானத்தில் ஏறிவிட்டாள். அது ஜெட்.

பணிப்பெண் அருகில் வந்து குனிந்தாள். ஏறும்போதே மேடத்தை அடையாளம் தெரிந்துகொண்டவள், அழுத கண்ணையும் பார்த்துவிட்டு விவரம் கேட்டிருந்தாள்.

"மேடம், கீழ மழை. கேப்டன் கொஞ்ச நேரம் பாக்கலாம்னு சொல்றாரு."

"தெரியும்மா."

"உங்க அக்காவைப் பத்தி அவர்கிட்ட சொல்லட்டுமா? நீங்க இருக்கீங்கன்னே அவருக்குத் தெரியாது."

சொன்னால் என்ன? மழை லேசானதாகக்கூட இருக்கலாம். விதியில் பாதுகாப்புக்குக் கொஞ்சம் இடம் விட்டுத்தானே எழுதினாள்? கெட்டிக்கார விமானி என்றால் எப்படியாவது நிறுத்திவிடுவான். அக்கா வீடு ஓடுபாதையிலிருந்து கூப்பிடு தூரம். முன் வரிசையில் ஒரு குழந்தை இருக்கையின் மேல் ஏறி நின்று அவளைப் பார்த்து நாக்கை நீட்டியது. அதன் அம்மா இழுத்து உட்கார வைத்து பெல்ட் போட்டாள்.

"சொல்லிடட்டுமா மேடம்?"

"வேணாம்."

"ஒரு வார்த்தைதான்..."

"சொல்லாதே. தெரிஞ்சா பாவம், இறங்கப் பாப்பாரு."

பணிப்பெண் அவள் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள். சற்று நேரத்தில் விமானி மன்னிப்புக் கேட்டார், பக்கத்துப் பெரிய ஊருக்குப் போகிறோம் என்றார். பக்கத்து இருக்கைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "எந்தப் புண்ணியவான்யா இந்த வண்டிய இந்த ஊருக்கு விட்டது?" ஏரி பின்னால் போய் மேகம் மூடிக்கொண்டது. சின்னவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவர் பதறிப்போய், "ஐயோ, உங்களைச் சொல்லலம்மா" என்றார்.

பெரிய ஊரில் இறங்கி ஓட்டமும் நடையுமாகப் போய் டாக்ஸி பிடித்தாள். மலைப் பாதை. அத்தானுக்கு அடித்த போன் போகவே இல்லை. சிக்னல் வந்த ஒரு வளைவில் முதலாளியின் போன் வந்தது.

"திரும்பிருச்சாமே? அதை விடுங்க. சாயங்காலம் ஜெட்டுக்குக் கையெழுத்து. ஒன்னும் மாத்த வேண்டியதில்லையே? நூத்துல ஏழுதானே, உங்க கணக்குதானே?"

"ஆமா சார். என் கணக்குதான்."

"எங்க இருக்கீங்க? என்ன சத்தம் அது?"

"மழை சார்" என்று சொல்லிப் போனை வைத்தாள். டிரைவரிடம், "இன்னும் கொஞ்சம் வேகமாப் போங்களேன்" என்றாள்.

"ரோடு வழுக்குதுக்கா. போய்ச் சேரணும்ல?" என்றார் அவர்.

வீட்டு வாசலில் டாக்ஸி நின்றபோது மழை விட்டிருந்தது. தெருக்கதவு விரியத் திறந்து கிடந்தது. உள்ளே ஆட்கள் சுவரோரமாக நின்றிருந்தார்கள். அதிலேயே தெரிந்துவிட்டது. சேறும் தண்ணீருமான வாசலை மிதித்துக்கொண்டு நேராக உள்ளே போனாள். கூடத்துக் கட்டிலில் அக்கா. கழுத்துவரை போர்த்தியிருந்தார்கள். சண்டை போட்டு ஜெயித்தவள் மாதிரி உதடு லேசாகக் கோணியிருந்தது.

"அக்கா" என்று கூப்பிட்டாள். கன்னத்தைத் தொட்டால் ஜில்லென்று இருந்தது. அத்தான் எழுந்து வந்து பக்கத்தில் நின்றார்.

"எப்போ அத்தான்?"

"உன் ப்ளேன் வந்தப்புறம்தான்."

சின்னவள் திரும்பிப் பார்த்தாள்.

"மேல சத்தம் கேட்டுச்சும்மா. நான் கவனிக்கல, அவதான் கையைப் புடிச்சா. 'இது காத்தாடி இல்லீங்க, புதுசு, வந்துட்டா'ன்னா. சுத்திச் சுத்தி வந்துச்சே, அவ்வளவு நேரமும் கண்ணைத் தொறந்தே வச்சிருந்தா. அப்புறம் சத்தம் நின்னுபோச்சு."

"நாங்க திரும்பிட்டோம் அத்தான்."

"எனக்குத் தெரியும்மா. அவ இறங்கிருச்சுன்னு நெனச்சுக்கிட்டா." அத்தான் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். "சிரிச்சாம்மா. 'போய்க் கதவைத் தொறந்து வைங்க, எரும மாதிரி ஷூவோட உள்ள வருவா, வாசல்லயே நிறுத்துங்க'ன்னா. நான் போய்த் தொறந்துட்டு வர்றதுக்குள்ள..."

அவர் வாசல் பக்கம் கையைக் காட்டினார். "சாரல் உள்ள அடிக்குதுன்னு எல்லாரும் சாத்தச் சொன்னாங்க. எனக்கு மனசு வரல" என்றார்.

சின்னவள் கதவைப் பார்த்தாள். காற்றில் சாத்திக்கொள்ளாமல் இருக்க, கடையின் மருந்துப் பெட்டி ஒன்றை முட்டுக் கொடுத்து வைத்திருந்தார். பெட்டி நனைந்து ஊறியிருந்தது. அங்கிருந்து கட்டில்வரை தரையில் சேறும் ஈரமுமாக அவளுடைய ஷூத் தடம்.

அவள் கட்டிலை ஒட்டித் தரையில் உட்கார்ந்து ஷூவின் நாடாவை அவிழ்க்க ஆரம்பித்தாள். முடிச்சு நனைந்து இறுகியிருந்தது. நகத்தால் நெம்பிப் பார்த்தாள், வரவில்லை. அத்தான் குனிந்தார்.

"இருங்க அத்தான்" என்றாள். "நானே கழட்டிடறேன்."