சீஸரின் மண்மூட்டைகள்

புரொபெசோரே என்று அவள் கூப்பிடும் பேராசிரியரின் காலைத் தன் மடியில் தூக்கி வைத்து எண்ணெய் பூசிக்கொண்டிருந்தாள் அற்புதமலர். இத்தாலியில், லிபெர்த்தா வீதியில் நான்காம் மாடி வீடு. ஆறு வருடமாக இந்தக் கிழவரைத் தூக்கி இருத்துவதும் குளிப்பாட்டுவதும் அவள் வேலை. கிழவர் தன் நாவலை வாயால் சொல்லி ஃபோனில் பதிந்துகொண்டிருந்தார். அவருடைய கதையில் சீஸரை யாரும் குத்திக் கொல்லவில்லை. கொலை நடக்கவேண்டிய அன்றைக்குப் பார்த்துக் காய்ச்சலில் படுத்துவிட்டு, மூன்றாம் நாள் பாரசீகத்துப் பார்த்தியர்மேல் படையெடுத்துப் போகிறார்.

போனவர் பாலைவெளியில் வசமாக மாட்டிக்கொண்டார். பார்த்தியர் குதிரைமேல் சுற்றிச் சுற்றி வந்து அம்பு பொழிகிறார்கள், கேடயம் தாங்கவில்லை. இரண்டு கிழமையாகக் கதை அந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

"இவங்களைக் காப்பாத்த வழியே இல்லை, மலர்."

"ஏன் இல்லை? மண் இருக்குத்தானே?" தனக்கு வந்த இத்தாலியனில் சொன்னாள். "கிடங்கு வெட்டச் சொல்லுங்கோ. கூடாரத் துணியைக் கிழிச்சு மூட்டை தைச்சு, மண் நிரப்பிச் சுத்திவர அடுக்கச் சொல்லுங்கோ. வன்னிச் சண்டையிலை நாங்கள் கலியாணச் சீலையையே கிழிச்சனாங்கள். அப்பா மண் அள்ளினார், நான் தைச்சன். ஷெல்லுக்கு நிண்டது அம்புக்கு நிக்காதோ?"

கிழவர் ஃபோனை நிறுத்தினார். எந்த நூல், எத்தனை மடிப்பு, எவ்வளவு மண் என்று அவளைத் துளைத்தெடுத்தார். அடுத்த கிழமை சீஸர் வென்றார்.

"இந்த அத்தியாயம் உன்னுடையது. புத்தகத்திலை உன் பெயர் இருக்கும்," என்றார்.

இந்த ஊரில் அவள் பெயர் அச்சில் இருந்தது விசாக் கடதாசியில் மட்டும்தான். அன்று அவளுக்கு வேலையே ஓடவில்லை. துறைமுகத்தில் சாமான் ஏற்றிவிட்டு வந்த கணவன் கொட்வினிடம் கதவடியிலேயே சொன்னாள்.

"சீஸருக்கே மூட்டை தைக்கப் பழக்கிப்போட்டாய். இனி உன்னைப் பிடிக்கேலாது!"

"பகிடி விடாதேங்கோ. என்ரை பேர் வருது, இருந்து பாருங்கோ."

நாவல் முடிந்த கையோடு கிழவருக்குப் பாரிசவாதம் வந்தது. வலது கையும் பேச்சும் போயின. பதிப்பகத்துப் பெண் வீட்டுக்கு ஃபோன் எடுத்தாள்.

"சிஞ்ஞோரா, இலங்கையிலிருந்து வந்து தனக்குப் போர் சொல்லிக்கொடுத்தவருக்கு நன்றி என்று புரொபெசோரே ஃபோன் பதிவில் சொல்லியிருக்கிறார். பெயரைச் சொல்லவில்லை. உங்களுக்குத் தெரியுமா?"

அது நான்தான் என்று சொல்ல அவளுக்குக் கூச்சமாக இருந்தது. பெயரைச் சொன்னால் போதும் என்று நினைத்தாள். விசா புதுப்பிக்கும் குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோரில் சொல்லிப் பழகியபடி, தகப்பன் பெயரை முன்னுக்கு வைத்துச் சொன்னாள்.

"கிறிகோரி அற்புதமலர்."

"கிறிகோரியோ... பிறகு?"

"அற்புதமலர்."

"சரி, சரி. நன்றி."

வைகாசியில் வெளியீட்டு விழா. அற்புதமலர் நீலப்பட்டு உடுத்து, சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு மேடையேறினாள். கொட்வின் அரைநாள் லீவு போட்டுவிட்டுக் கடைசி வரிசையில் ஃபோனைத் தூக்கிப் பிடித்திருந்தான். பதிப்பகத்துப் பெண் புத்தகத்தை விரித்தாள்.

"எல்லோரும் புகழும் மண்மூட்டை அத்தியாயத்துக்காக ஆசிரியர் நன்றி சொல்வது, இலங்கைப் போரைக் கண்ட சிஞ்ஞோர் கிறிகோரியோவுக்கு!"

மண்டபம் கைதட்டியது. சிஞ்ஞோர் கிறிகோரியோ வந்திருக்கிறாரா என்று ஆண்களின் முகங்களைத் தேடித் தலைகள் திரும்பின. ஒரு கணம் அவளுக்கு நெஞ்சு நிறைந்துபோனது. அப்பாவின் பெயர். மண் அள்ளியது அவர்தானே. தைத்தது நான் என்பது பிறகுதான் உறைத்தது. ஆனாலும் அவள் தலையைக் குனியவில்லை.

கிழவருக்குக் காது நன்றாகக் கேட்கும். இடது கையால் அவளுடைய சீலைத் தலைப்பைப் பிடித்து ஒலிவாங்கிப் பக்கம் இழுத்தார். வாயிலிருந்து காற்றுத்தான் வந்தது. மறுபடியும் இழுத்தார்.

"சிஞ்ஞோரா," என்று பதிப்பகத்துப் பெண் குனிந்து மெல்லச் சொன்னாள், "அவருக்குத் தண்ணீர் வேணும்போல."

அற்புதமலர் போத்தலைத் திறந்து அவர் வாயில் வைத்தாள். அவர் குடிக்கவில்லை, சீலையை விடவும் இல்லை. தண்ணீர் நாடியால் வழிந்து சட்டையை நனைத்தது. மண்டபம் இன்னும் சிஞ்ஞோர் கிறிகோரியோவுக்குக் கைதட்டிக்கொண்டிருந்தது.