தூக்குத் தண்டனை கேட்டவள்

வாசிகசாலை ஆண்டு விழாவில் பட்டிமன்றம். பொலிஸ்காரரையும் அம்புலன்ஸ்காரரையும் கொல்பவர்களுக்கு மற்றக் கொலைகாரரைவிடக் கடும் தண்டனை வேண்டுமா, வேண்டாமா? வேண்டும் என்ற அணிக்குக் கோபிகாவைப் பிடித்தது ஊர்க்காரரின் கெட்டித்தனம். அவள் கணவன் செந்தூரனுக்கு அம்புலன்ஸில் வேலை. போன மாதம் வேறொரு மாவட்டத்தில், காயக்காரனைத் தூக்கப்போன அம்புலன்ஸ்காரர் ஒருவரையே வெட்டிக் கொன்றுவிட்டார்கள். அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

வீட்டில் எதிரணி செந்தூரன்தான்.

“இஞ்சாரப்பா, மீன்காரனை வெட்டினவனுக்கும் என்னை வெட்டினவனுக்கும் ஒரே தண்டனை போதும். அவன்ரை மனுசியும் உம்மைப்போலைதானே அழுவா?”

“மீன்காரன் வாள்வெட்டு நடக்கிற இடத்தைத் தேடி ஓடுறேல்லை. நீங்கள்தான் ஓடுறியள்.”

“எங்களிலை ஒருத்தனை வெட்டினவன், இனி எப்பிடியும் தூக்குத்தானே எண்டு மற்றவனையும் வெட்டுவான். அந்த மற்றவன் நான்.”

அவள் அகப்பையை ஓங்கினாள். அவன் சிரித்தான். இந்த மனுசனுக்குச் சாவும் பகிடிதான்.

விழாவன்று பின்னேரம் கோபிகா மேடையில் வெளுத்து வாங்கினாள். செந்தூரனும் டியூட்டி உடுப்போடு, அம்புலன்ஸை வாசலில் விட்டுவிட்டு, பின்வரிசையில் நின்று எல்லாருக்கும் முந்திக் கைதட்டினான். அப்போது ஓட்டுநர் டினேஸ் வாசலில் நின்று கத்தினான்.

“அண்ணை, ஓடிவாங்கோ! சந்தையடியிலை வாள்வெட்டாம்!”

வாசல்வரை ஓடிய செந்தூரன் நின்று, மேடையைத் திரும்பிப் பார்த்தான். கோயில் பக்கமே போகாத மனுசன். ஆனால் “போட்டு வாறன்” என்று சொல்லி, அவள் “ஓம், வாங்கோ” என்று சொல்லாமல் படி இறங்க மாட்டான். இத்தனை பேருக்கு மேலால் எப்படிச் சொல்வது? கையை மட்டும் உயர்த்தினான்.

அவள் சொல்ல இருந்த வாதம் போன இடம் தெரியவில்லை.

“ஓம், வாங்கோ,” என்றாள். ஒலிபெருக்கி அதைத் தெருவரை கொண்டுபோனது. யாரோ சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார். அம்புலன்ஸ் கூவிக்கொண்டு பறந்தது.

“பிள்ளை, உமக்கு இன்னும் நேரம் கிடக்கு,” என்றார் நடுவர் கனகசபாபதி.

“இவருக்கு ஒண்டு நடந்தால், செய்தவனைத் தூக்கிலை போடவேணும் எண்டுதான் இப்பவும் சொல்லுவன், ஐயா. ஆனா போட்டாப்போலை எனக்கு இவர் வரப்போறேல்லை.”

அதற்குமேல் அவளால் முடியவில்லை. மேடையிலேயே இருந்து அழுதாள். வெட்கப்படவும் இல்லை.

தீர்ப்புச் சொல்ல எழுந்த கனகசபாபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடிக்க வெகு நேரம் எடுத்தது.

“தீர்ப்பு கிடக்கட்டும். முதல்லை செந்தூரன் தம்பி திரும்பி வரட்டும்,” என்றார்.

எதிரணிக்காரரும் எழும்பவில்லை. எல்லோரும் வாசலைப் பார்த்தபடி இருந்தார்கள்.