நீலக்கல்லுக்குள் ஒரு குமிழி

கல்லைக் கையில் எடுத்தால் அதன் ஜாதகத்தையே சொல்லிவிடுவார் என்பதால் ரத்தினப் பரிசோதகருக்குப் ‘பூதக்கண்ணாடி’ என்று பட்டப்பெயர். இருபத்தாறு வருடத்தில் ஒரு போலிக் கல்கூட அவர் கண்ணில் மண்ணைத் தூவியதில்லை. அப்பேர்ப்பட்டவருக்குச் சொந்தத் தங்கையைப் பார்த்துத்தான் சந்தேகம் வந்து தொலைத்தது.

அவள் போன படகு கவிழ்ந்து பதினோராம் நாள் அவள் தானாக நடந்து வீட்டுக்கு வந்தாள். அதுவரை சோற்றைத் தொடாமல் படுத்த படுக்கையாகக் கிடந்த அம்மா அன்றே எழுந்து உட்கார்ந்தாள். முகம், குரல், புருவத்துத் தழும்பு எல்லாம் அச்சு அசல். ஆனால் அவளுடைய பேர்போன முன்கோபம் போன இடம் தெரியவில்லை. முன்பெல்லாம் குறட்டையில் வீடே அதிரும். இப்போது மூச்சுவிடும் சத்தம்கூட இல்லை. ஆலையில் செய்த கற்களைத்தான் அவர் இப்படிப் பார்த்திருக்கிறார். எடையும் நிறமும் சரியாக இருக்கும், உள்ளே ஒரு குறையும் இருக்காது.

ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தார். பிறகு ஒரு மத்தியானம், வீட்டின் முன்னறையில் இருந்த பரிசோதனைக்கூடத்துக்கு அவளைக் கூப்பிட்டார். அவரிடம் ஒரு நீலக்கல் இருந்தது. அதற்குள் ஊசிமுனை அளவில் ஒரு வாயுக்குமிழி. ஏ.சி. குளிரில் நுண்ணோக்கி வழியாகப் பார்த்தால் தெரியும். யாராவது கைக்குள் மூடி வைத்தால் உடம்புச் சூட்டில் மறைந்துவிடும்.

“இதைக் கொஞ்சம் கையில மூடி வச்சிரு.”

“எதுக்குண்ணே?”

“கல்லைச் சோதிக்கத்தான்.”

ஐந்து நிமிடம் கழித்து வாங்கிப் பார்த்தார். குமிழி இருந்தது. தன் கைக்குள் வைத்துப் பார்த்தார், மறைந்தது. குளிரவிட்டு மறுபடி அவளிடம் கொடுத்தார். பத்து நிமிடம் ஆகியும் குமிழி அப்படியே இருந்தது.

“போதும்ணே. சர்டிபிகேட்டுல என்னைப் பத்தி என்னன்னு எழுதப்போறே?” என்றாள் அவள்.

“என் தங்கச்சி எங்கே?”

“தண்ணிக்குள்ள. ரொம்ப ஆழத்துல. அம்மா விடாம கூப்பிட்டுக்கிட்டே இருந்தாங்க. அவளால வர முடியல. அதான் நான் வந்தேன். அம்மாவை நல்லா பாத்துக்குவேண்ணே.”

உள்ளே பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. “அங்க என்னடா பண்றீங்க ரெண்டு பேரும்? சாப்பாடு ஆறிப்போகுது. அவளைக் கூட்டிட்டு வா!” என்று அம்மா கத்தினாள். போன மாதம் தண்ணீர் கேட்கக்கூடத் தெம்பில்லாமல் கிடந்த குரல் அது.

உண்மையைச் சொன்னால் அந்தக் குரல் இன்றோடு அடங்கிவிடும் என்று அவருக்குத் தெரியும். தண்ணீருக்குள் கிடப்பவளை நினைத்தார். இனி அவளுக்காக அந்த வீட்டில் யாரும் அழப்போவதில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டார். எதிரே நின்றது பொறுமையாகக் காத்திருந்தது.

“இதோ வர்றேம்மா,” என்றார். “தங்கச்சியைக் கூட்டிட்டு வர்றேன்.”