நான் பிடுங்கிய தும்பை

மட்டாஞ்சேரியில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். ஒரு கைப்பிடி மிளகை அள்ளினால் போதும், எந்த மலைச் சரக்கு, எத்தனை நாள் காய்ந்தது என்று ஷானவாஸ் சொல்லிவிடுவான் என்பார்கள். அப்பேர்ப்பட்ட நான்தான் என் வீட்டுப் பின்புறத்தில் இப்படியொரு மடத்தனம் செய்தேன்.

பின்புறம் என்றால் இரண்டு கட்டில் போடும் அளவு மண். அதில் என் மனைவி ரஃபீனா பயறும் வெண்டையும் நட்டு, நடுவே தும்பை, முக்குற்றி என்று பொடிப் பூச்செடிகளையும் அதுபாட்டுக்கு வளர விட்டிருந்தாள். பந்தலில் ஒரே ஒரு வெள்ளைப் பாகல் கொடி. போன மழையில் விதை டப்பாவுக்குள் தண்ணீர் புகுந்து, மிஞ்சிய நான்கு விதையில் முளைத்தது அது ஒன்றுதான். ஒரு காயாவது பழுத்தால்தான் அடுத்த வருஷத்துக்கு விதை. பள்ளுருத்தி வரை போய்க் கேட்டுவிட்டாள், அந்த ரகம் யாரிடமும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் ஆலுவாவில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். திரும்பி வந்து அசந்துபோகட்டும் என்று தோட்டத்தைச் சுத்தம் செய்தேன். எல்லாம் மிளகுக் கிடங்கில் வேலை பார்க்கும் பழக்கம். சரக்கில் பொடிசாக இருப்பதெல்லாம் கழிவு, சலித்துத் தள்ளிவிடுவோம். அதே கையால் பொடிச் செடி அத்தனையையும் பிடுங்கிக் குவித்தேன்.

அவள் வந்து பார்த்தாள். கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"தும்பைக்குத்தானே சிறுதேனீ வருது. வந்தாத்தானே பாவக்காய்ப் பூவுக்கும் போகும்" என்றாள்.

"முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ல?"

"மூணு வருஷமா சொல்றேன். நீங்க சாயாவக் குடிச்சிக்கிட்டே ம் கொட்டுவீங்க."

உண்மைதான்.

மறுநாள் பக்கத்து வீட்டுக் கமலாக்ஷி சேச்சி ஓணத்துக்கு வாசலில் பூக்களம் போடத் தும்பை பறிக்க வந்தார். வருஷாவருஷம் இங்கேதான் பறிப்பார். வெறும் மண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நல்லா சுத்தமாக்கிட்டியே, மோனே" என்று சொல்லிவிட்டுக் காலிக் கூடையோடு திரும்பினார். எனக்கு மானமே போயிற்று.

ஒரே வாரத்தில் ஐந்து பெண்பூ காயாகாமல் உதிர்ந்தது. கொடியின் அடியிலைகளும் பழுக்கத் தொடங்கின. இனி அதற்கு அதிக நாள் இல்லை என்று எனக்கே தெரிந்தது.

ரஃபீனா அழுதுகொண்டு உட்காரவில்லை. விடிந்ததும் ஆண்பூவைப் பறித்து, இதழைக் கிள்ளிப் போட்டுவிட்டு, ஸ்டூலில் ஏறிப் பெண்பூவில் மெல்லத் தொட்டு வைத்தாள். தூறல் விழுந்தால் பூவுக்கு மேல் ஒரு காகித தம்ளரைக் கவிழ்த்தாள். பிடிக்கச் சொல்லி அவள் கேட்கவில்லை, நானாகவே ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் கிடங்கில் கை தேர்ந்தவர்கள் எத்தனையோ பேர். இவள் கைக்கு முன்னால் நாங்கள் யாரும் ஒன்றுமில்லை.

மூன்று பூ வாடியது. நான்காவதன் அடியில் பிஞ்சு பருத்தது. அணில் கடிக்காமலிருக்க அதற்கு வலைத்துணி கட்டினாள். நான் கிடங்குச் சந்துகளில் சுவரோரம் தும்பையைக் கண்டால் வேரோடு பெயர்த்துக் கொண்டுவந்தேன். அதைக்கூட அவளேதான் வாங்கி நட்டாள், என்னை ஓர் இலையையும் தொடவிடவில்லை.

காய் பழுத்தது. சிவப்புச் சதையைக் கழுவி எடுத்தபோது பதினொரு விதை. உலர்ந்ததும் தட்டை என் முன்னால் வைத்தாள்.

"நீங்களே தரம் பிரிங்க. உங்க கைக்குத்தான் தெரியும்."

ஒவ்வொன்றாக விரலில் உருட்டிப் பார்த்தேன். பெரிய விதை எட்டையும் ஒரு டப்பாவில் போட்டேன். மிச்சம் மூன்று பொடிசு. பழக்கம் விடுமா, ஜன்னல் பக்கம் வீசக் கை எழுந்துவிட்டது. அப்படியே நிறுத்திக்கொண்டேன்.

"இதையும் வெச்சுக்கலாமா, ரஃபீனா?"

அவள் சிரித்தாள். தட்டுக்குப் பின்னால் இன்னொரு டப்பா இருந்தது. முதலிலேயே கொண்டுவந்து மூடியைத் திறந்து வைத்திருந்தாள்.